போன் மெமரியை நீங்களே காலி செய்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் திருவனந்தபுரம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பாதிப் பேராவது போனைப் பையில் போடுவதற்கு முன் ஒரு சடங்கு செய்வார்கள். திறந்து வைத்த ஆப்களையெல்லாம் ஒவ்வொன்றாக மேலே தள்ளிவிட்டு, மிச்சத்துக்கு 'கிளியர் ஆல்' தட்டி, திரை வெறுமையான பிறகுதான் நிம்மதி. சார்ஜ் நிற்கும், போன் வேகமாக ஓடும் என்று யாரோ எப்போதோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இரண்டுமே நடப்பதில்லை.

அந்த வரிசையில் தெரிகிற ஆப்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருப்பவை அல்ல. பெரும்பாலானவை நிறுத்திவைக்கப்பட்டவை. ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்தில் இடம் பிடித்திருக்கும், ஆனால் பிராசஸருக்கு வேலை கொடுக்காது. புதிதாக ஒன்றைத் திறக்கும்போது இடம் போதவில்லை என்றால், நெடுநேரம் தொடாமல் கிடப்பதை ஆண்ட்ராய்டும் ஐபோனும் தாமாகவே வெளியேற்றிவிடும். ரேம் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அது எடுக்கிற மின்சாரம் ஏறத்தாழ ஒன்றுதான். நீங்கள் தள்ளிவிட்ட ஆப்பை மறுபடி திறக்கும்போதுதான் செலவு: அடியிலிருந்து ஏற்ற வேண்டும், நெட்டிலிருந்து தகவலை மறுபடி இழுக்க வேண்டும். பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னல் ஒரு கோட்டில் ஆடும் இடங்களில் இந்த இழுவைக்கே சார்ஜ் கூடுதலாகப் போகும். பேட்டரிக்காக ஆப்களை மூட வேண்டுமா என்று 2016இல் ஒருவர் ஆப்பிளுக்கு மின்னஞ்சலில் கேட்டபோது, அங்கே மென்பொருளுக்குப் பொறுப்பான கிரெய்க் ஃபெடரிகி வேண்டாம் என்றே பதில் அனுப்பினார். டேப்புக்கும் இதே கதைதான்.

சில சமயம் இது நேரடியாகவே நஷ்டம். குளச்சல் துறைமுகத்தில் சிக்னல் இருக்கும்போதே காற்று நிலவரப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கடலுக்குப் போகிறவர், வழியில் பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டால் அந்தப் பக்கம் போனது போனதுதான். கரையை விட்டுத் தள்ளிப் போன பிறகு அதை மறுபடி ஏற்ற நெட் எங்கே இருக்கிறது? ஜிபிஎஸ் தடத்தைப் பதிந்துகொண்டிருக்கும் ஆப்பைத் தள்ளினாலும் பதிவு பாதியில் நின்றுவிடலாம்.

இதைவிட மோசமானது செட்டிங்ஸுக்குள் போய் 'ஃபோர்ஸ் ஸ்டாப்' கொடுப்பது. ஆண்ட்ராய்டில் அப்படி நிறுத்தப்பட்ட ஆப், நீங்களாகத் திறக்கும்வரை எழாது. அதன் அறிவிப்பும் வராது, அது வைத்த அலாரமும் அடிக்காது. அருமனை, குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் போன் அலாரத்தை நம்பித்தான் படுக்கிறார்கள். கடிகார ஆப்பை அப்படி நிறுத்திவிட்டால் அன்றைய வெட்டு கோவிந்தா. புயல் எச்சரிக்கை தரும் ஆப்புக்கும் அதே கதிதான். ஒக்கி புயலைப் பார்த்த குமரி மாவட்டத்தில் அதைப் போய் நிறுத்திவைக்கலாமா? சில கம்பெனி போன்களில் வெறுமனே தள்ளிவிட்டாலே ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுத்ததுபோல் ஆகிவிடுவதும் உண்டு.

'பூஸ்டர்', 'கிளீனர்' ஆப்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அழித்துவிடுங்கள். 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14 முதல், சாதாரணமாக நிறுவுகிற ஓர் ஆப்பால் இன்னோர் ஆப்பின் பின்னணி வேலையை நிறுத்தவே முடியாது. ராக்கெட் பறக்கிற படமும் விளம்பரமும்தான் மிச்சம்.

மூடவேண்டிய நேரமும் இருக்கிறது. ஆப் உறைந்து அசையாமல் நின்றால் மூடலாம். மேப் வழிகாட்டல் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தால் அதையும் நிறுத்தலாம். செட்டிங்ஸில் உள்ள பேட்டரி பக்கத்தில் ஒரே ஆப் அநியாயத்துக்குத் தின்கிறது என்று தெரிந்தால் அதை மட்டும் கவனியுங்கள். போன் மொத்தமாக மந்தமானால் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

சர்வீஸ் கடைகளில் அடிக்கடி காதில் விழுவது இது: "அண்ணே, எல்லாத்தையும் தட்டி விட்டாச்சு, பெறவும் இழுக்குது." பெரும்பாலும் அங்கே நிறைந்திருப்பது ரேம் அல்ல, படமும் வீடியோவும் ஆப்களும் சேமிக்கப்படும் ஸ்டோரேஜ். ஆப்களைத் தள்ளிவிடுவதால் அதில் ஒரு படம்கூடக் குறையாது. பத்தில் ஒரு பங்காவது காலியாக இல்லாவிட்டால் பல போன்கள் திணறும். முதல் குற்றவாளி வாட்ஸ்ஆப். காலை வணக்கப் படம், கல்யாண வீடியோ, ஒரே வீடியோ நாலு குரூப்பிலிருந்து என்று எல்லாம் சத்தமில்லாமல் இறங்கிச் சேர்ந்திருக்கும். வாட்ஸ்ஆப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்துக்குப் போனால் 5 எம்பிக்கு மேற்பட்டவற்றைத் தனியே காட்டும். அங்கே அழித்துவிட்டு, தானாக டவுன்லோட் ஆவதையும் அணைத்துவிடுங்கள்.

இங்கேதான் கை தவறக்கூடாத இடங்கள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் 'கிளியர் கேச்', 'கிளியர் டேட்டா' இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். கேச் என்பது ஆப் தற்காலிகமாகச் சேர்த்து வைப்பது; அதைத் துடைத்தால் பாதகமில்லை, கொஞ்ச நாளில் மறுபடி சேரும். வாட்ஸ்ஆப்பில் டேட்டாவைத் துடைத்தால் கடைசி பேக்கப்புக்குப் பிறகு வந்த செய்திகள் போய்விடும். பேக்கப்பே இல்லையென்றால் அவ்வளவுதான்.

இன்னொன்று கூகுள் போட்டோஸ். கிளவுடில், அதாவது கூகுளின் சர்வரில்தான் இருக்கிறதே என்று, பேக்கப் ஆன படங்களை அந்த ஆப்பிலேயே சாதாரணமாக அழிப்பார்கள். அப்படி அழித்தால் கிளவுடிலிருந்தும் சேர்ந்தே போகும். வளைகுடாவில் இருக்கிற அப்பா அனுப்பிய படமானாலும் சரி, பிள்ளையின் முதல் பிறந்தநாளானாலும் சரி, 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடந்து நிரந்தரமாக மறைந்துவிடும். போனில் இடம் வேண்டுமென்றால் அதே ஆப்பில் உள்ள 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' பயன்படுத்துங்கள். அது போனில் உள்ள பிரதியை மட்டும் எடுக்கும். ஐபோன், ஐபேடில் 'ஆஃப்லோட்' கொடுத்தால் ஆப் போகும், அதன் தகவல் இருக்கும். 'டெலிட்' கொடுத்தால் இரண்டும் போகும்.

ஸ்டோரேஜ் காலியாக இருந்தும், ரீஸ்டார்ட் செய்தும் இழுக்கிறதா? 2 ஜிபி ரேம் உள்ள பழைய போன், டேப் என்றால் உண்மையிலேயே இடம் போதவில்லை. கனமான ஆப்களை நீக்கி, அவற்றின் எடை குறைந்த 'லைட்' வகை கிடைத்தால் அதைப் போடுங்கள். ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கும் 'கூடுதல் ரேம்' வசதி நிஜ ரேம் வேகத்துக்கு வராது. பழைய ஐபோன் என்றால் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் பாருங்கள். பேட்டரி தேய்ந்து, போன் ஒருமுறை திடீரென்று அணைந்த பிறகு, அதன் வேகத்தை ஐபோனே குறைத்துக்கொள்ளும்; அதற்கு மருந்து புது பேட்டரிதான்.