சித்திரை இடிமழையை ஒரு மாசம் கொப்பியில பதியிறது எப்பிடி

பங்குனி கடைசியில இருந்து சித்திரை முடியிற வரைக்கும் மலையகத்துல மழை எப்பிடி வரும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். காலையில வெயில் பளீர்னு அடிக்கும், பதினொரு மணிக்கு மேல மேகம் மலையை மூட ஆரம்பிக்கும், பின்னேரம் ரெண்டு மூணு மணிக்கு இடி முழங்கும், அப்பறம் கானெல்லாம் நிரம்பி ஓடுற அளவுக்கு கொட்டிட்டு இருட்டுறதுக்குள்ள வெளிச்சிரும். ஆனா எவ்வளவு பேஞ்சிச்சுன்னு யாராவது கேட்டா "நல்ல மழை", "பேய் மழை", இதுக்கு மேல நம்மகிட்ட பதில் இருக்காது.

இந்த மாசத்து மழையோட குணமே துண்டு துண்டா பெய்றதுதான். ஒரே தோட்டத்துல மேல் டிவிசன்ல கொட்டும், கீழ் டிவிசன்ல மண்ணு காஞ்சி கிடக்கும். நுவரெலியா, பண்டாரவளை, பதுளை எல்லா இடத்துலயும் வளிமண்டலவியல் திணைக்களத்தோட நிலையங்கள் இருக்கு, அவங்க அளவு ஒழுங்கான அளவு, அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா அது அந்த நிலையத்துல விழுந்த மழை. உங்க லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) மேல இருக்கிற மண்மேட்டுல என்ன விழுந்துச்சுன்னு நீங்க அளந்தாத்தான் உண்டு. அதுக்குத்தான் இந்த செய்முறை, காசு அதிகம் வேணாம், பள்ளிக்கூட பிள்ளைங்களும் செய்யலாம்.

முதல்ல ஏன் இப்பிடி பெய்யுதுன்னு கொஞ்சம்

மார்ச், ஏப்ரல் ரெண்டும் பருவக்காத்துக்கு இடைப்பட்ட காலம். வடகிழக்கு காத்து ஓய்ஞ்சிரும், தென்மேற்கு காத்து இன்னும் வந்திருக்காது. ஏப்ரல் 5ல இருந்து 15 வரைக்கும் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில வேற நிக்கும். மலைச்சரிவு சூடாகி காத்து மேல ஏறும், ரெண்டு பக்கத்து கடல்ல இருந்தும் ஈரக்காத்து உள்ளுக்கு வரும், அந்த ஈரம்தான் பின்னேரம் இடிமேகமா எழும்பி நிக்கிறது. அதை நகர்த்திட்டு போக பலமான காத்து இல்லாததால எழும்பின இடத்துலயே கொட்டித் தீர்த்துரும், பக்கத்து தோட்டத்துக்கு வராது. நீங்க எழுதப்போற கொப்பியில இதெல்லாம் உங்க கண்ணுக்கு முன்னாலயே தெரியும்.

மழைமானி செய்வோம்

வேண்டிய சாமான்: 5 லீட்டர் தண்ணி கேன் ஒண்ணு (உள்ள இருக்கிறது வெளிய தெரியணும்), பிளாஸ்டிக் புனல் ஒண்ணு, அடிமட்டம், அழியாத மார்க்கர், டேப், பார்மசியில விக்கிற 50 மில்லி லீட்டர் சிரிஞ்ச் (சேர்ந்த தண்ணியை அளக்க, ஊசி தேவையில்ல), அப்பறம் ஒரு கொப்பி.

புனல் வாங்க போகும்போது அடிமட்டத்தையும் கொண்டு போங்க. வாயோட குறுக்களவு உள்பக்கம் 11.3 செமீ இருக்கிற புனல் கிடைச்சா வேலை ரொம்ப லேசு, ஏன்னா அதோட பரப்பு 100 சதுர செமீ, அப்ப 10 மில்லி லீட்டர் தண்ணி விழுந்தா 1 மிமீ மழை, கணக்கே பாக்க தேவையில்ல. அந்த அளவு கிடைக்கலன்னா விட்ருங்க, கிடைச்சதை வச்சி இப்பிடி பாருங்க: குறுக்களவுல பாதியை எடுத்து அதையே அதால பெருக்கி 3.14ஆல பெருக்கினா பரப்பு வரும். சேர்ந்த தண்ணியை 10ஆல பெருக்கி அந்த பரப்பால பிரிச்சா மிமீ. 14 செமீ புனல்னா 7 x 7 x 3.14, கிட்டத்தட்ட 154. அதுல 200 மில்லி லீட்டர் சேர்ந்திருந்தா 2000ஐ 154ஆல பிரிங்க, 13 மிமீ. அவ்வளவுதான் கணக்கு. 1 மிமீ மழைன்னா ஒரு சதுர மீட்டர் தரையில 1 லீட்டர் தண்ணி விழுந்திருக்குன்னு அர்த்தம், இதை மனசுல வச்சிக்கங்க, பிறகு பெரிய எண்ணை பாக்கும்போது அது எவ்வளவு தண்ணின்னு விளங்கும்.

புனலை கேன் வாயில சொருகி டேப் சுத்துங்க. ஆனா காத்து போக வழி இல்லாம இறுக்கிட்டா தண்ணி இறங்காது, அதனால புனலுக்கு கீழ மறைவா கேனோட தோள்ல ஊசியால ஒரு ஓட்டை போடுங்க. இந்த மாசத்து மழை துளி பெருசு, புனல் ரொம்ப ஆழம் கம்மியா இருந்தா துளி தெறிச்சி வெளிய போயிரும், ஆழமான புனலா பாத்து எடுங்க.

அடுத்தது கேன்ல கோடு. இதை தயவுசெஞ்சி விட்ராதீங்க. 11.3 செமீ புனல்னா 750 மில்லி லீட்டர் தண்ணி ஊத்தி அந்த மட்டத்துல ஒரு கோடு, 1 லீட்டர்ல ஒரு கோடு, ஒண்ணரை லீட்டர்ல ஒரு கோடு. மூணும் முறையே 75, 100, 150 மிமீ. வேற புனல்னா பரப்பை வச்சி மாத்தி போடுங்க. எதுக்கு இந்த கோடுன்னு பிறகு சொல்றேன்.

எங்க வைக்கிறது

லயத்துல இதுதான் கஷ்டமான பகுதி, எங்க பாத்தாலும் தகரக் கூரை, கொடி, மரம். ஒரு பொதுவான விதி இருக்கு, பக்கத்துல இருக்கிற பொருள் எவ்வளவு உயரமோ அதைப்போல ரெண்டு மடங்கு தள்ளி வைக்கணும். கூரை 3 மீட்டர்னா 6 மீட்டர் தள்ளி. மரக்கறி தோட்டத்து ஓரம், பிள்ளைங்க விளையாடுற திடல் ஓரம், கோயில் முத்தம், இந்த மாதிரி இடம் சரிவரும். சிமெந்து தரையில வைக்காதீங்க, பட்டு தெறிக்கிற தண்ணி உள்ள விழும், புல்லு இருக்கிற இடம் நல்லது. தரை சரிவா இருந்தாலும் புனல் வாய் மட்டமா இருக்கணும், ஒரு தட்டுல தண்ணி ஊத்தி மேல வச்சி பாத்தா மட்டம் தெரிஞ்சிரும். கேனை சுத்தி கல் அடுக்கி காத்துக்கு சாயாம பண்ணுங்க, கோடு போட்ட பக்கத்தை மட்டும் வீட்டை பாத்து திறந்து விடுங்க. பக்கத்து வீட்டு அக்கா, மாமா எல்லார்கிட்டயும் இது என்னன்னு சொல்லி வைங்க, இல்லாட்டி யாராவது நல்ல எண்ணத்துலயே தண்ணியை கொட்டி கேனை கழுவி வச்சிருவாங்க.

நேரம்: காலை 8.30

இலங்கையில மழை அளவை 24 மணித்தியாலத்துக்கு ஒருக்கா காலை 8.30க்கு எடுக்கிறாங்க. நீங்களும் அதே நேரம் எடுத்தாத்தான் உங்க எண்ணை திணைக்களத்து எண்ணோட பக்கத்துல வச்சி பாக்க ஏலும். பெரட்டுக்கு (காலையில வேலை பிரிக்கிற இடத்துக்கு), வேலைக்கு, ஸ்கூலுக்கு போறவங்க அந்த நேரம் வீட்டுல இருக்க மாட்டீங்க, அப்ப ஆறு மணின்னா ஆறு மணி, ஆனா மாசம் முழுக்க அதே ஆறு மணி, நேரத்தையும் எழுதி வைங்க. இந்த மாசத்துல மழை பின்னேரம்தான் அதிகம்ங்கிறதால காலையில ரெண்டு மணித்தியாலம் முன்ன பின்ன ஆனாலும் பெரிய வித்தியாசம் வராது.

தேதி விசயத்துல கவனம். 9ந் தேதி காலையில நீங்க அளக்கிற தண்ணி பெரும்பாலும் 8ந் தேதி பின்னேரம் பேஞ்சது. அதனால கொப்பியில அளந்த தேதிக்கு ஒரு கட்டம், பேஞ்ச நேரத்துக்கு தனியா ஒரு கட்டம். ஒரு வரி இப்பிடி இருக்கலாம்:

ஏப்ரல் 9, காலை 8.30 / 23 மிமீ / நேத்து 2.40க்கு முதல் இடி, 3.10ல இருந்து 4.25 வரைக்கும் மழை, கிழக்கு பக்கம் இருந்து வந்துச்சு / ஆலங்கட்டி இல்ல / காத்து மரக்கிளையை ஆட்டிச்சு

மழை இல்லாத நாளுக்கு 0ன்னு எழுதுங்க, வெறுமையா விடாதீங்க. வெறுமையா விட்டா மழை இல்லையா, நீங்க பாக்கலையான்னு ரெண்டு மாசம் கழிச்சி உங்களுக்கே தெரியாது. தூறி புனல் மட்டும் நனைஞ்சிருந்தா "தூறல்"னு எழுதுங்க. நீங்க ஊருக்கு போய் அளக்காத நாள்ல "அளக்கல"ன்னு எழுதுங்க, புத்தாண்டுக்கு கண்டிப்பா யாராவது எங்கயாவது போவீங்க, திரும்பி வந்து கேன்ல மொத்தமா இருக்கிறதை அளந்து "12ல இருந்து 15 வரைக்கும் சேத்து"ன்னு போட்டா போதும், ஊகிச்சி நாளுக்கு நாள் பிரிக்க வேணாம்.

தோட்டத்து பழைய ஆளுங்ககிட்ட கதைச்சா மழையை இன்ச்லதான் சொல்லுவாங்க. ஒரு இன்ச் 25.4 மிமீ. தோட்டத்து ஆபீஸ்ல பழைய மழைக் கணக்கு இருந்தா, பாக்க விட்டாங்கன்னா கட்டாயம் பாருங்க, அந்த கொப்பிங்க எல்லாம் பெரிய சொத்து.

இடியை பதியிறது

மின்னல் தெரிஞ்ச உடனே செக்கன் எண்ணுங்க, இடி கேட்டதும் நிறுத்துங்க. 3 செக்கனுக்கு 1 கிலோமீட்டர். 15 செக்கன்னா 5 கிலோமீட்டர் தூரம். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா இதை எழுதினா மேகம் கிட்ட வருதா தள்ளிப் போகுதான்னு தெரியும். இதை எல்லாம் வீட்டுக்குள்ள இருந்துதான் செய்யணும். 30 செக்கனுக்குள்ள இடி கேட்டா அது 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கு, அப்ப கொழுந்து மலையில நிக்கிறவங்க இறங்கி வந்து கட்டடத்துக்குள்ள போகணும், நிழல் மரத்துக்கு கீழ ஒதுங்கவே கூடாது, கொழுந்து நிறுவை முடியட்டும்னு காத்திருக்கவும் கூடாது. கடைசி இடிக்கு பிறகு 30 நிமிசம் வரைக்கும் வெளிய போக வேணாம், மழைமானியை பாக்கவும் போக வேணாம், தண்ணி எங்கயும் ஓடிப் போகாது. டிவி வயர், டிஷ் வயர் எல்லாம் மேகம் கட்டும்போதே கழட்டிருங்க, இடி இடிக்கும்போது தொடாதீங்க.

ஏலுமானவங்களுக்கு இன்னும் ரெண்டு மூணு

சுவர்ல தொங்கவிடுற சாதாரண தெர்மாமீட்டர் இருந்தா வெயில் படாத இடத்துல ஆள் நெஞ்சளவு உயரத்துல மாட்டுங்க. மழைக்கு கொஞ்சம் முன்னால ஒரு குளிர்காத்து சட்டுன்னு அடிக்கும்ல, அது மேகத்துக்குள்ள குளிர்ந்து கீழ விழுந்து பரவுற காத்து. அந்த நேரத்துல தெர்மாமீட்டரை பாருங்க, கொஞ்ச நேரத்துலயே மளமளன்னு இறங்கும், இந்த மாசம் முழுக்க எழுதுறதுல எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான்.

சில போன்ல காத்தழுத்தம் காட்டுற சென்சர் இருக்கு. வச்சிருக்கவங்க ஒண்ணை தெரிஞ்சிக்கங்க, நம்ம நாடு மாதிரி வெப்பநாடுகள்ல அழுத்தம் தினமும் காலை 10 மணி போல ஏறி பின்னேரம் 4 மணி போல இறங்கும், மழை இல்லாத நாள்லயும் அப்பிடித்தான். அதனால பின்னேரம் இறங்கினதை பாத்து புயல் வருதுன்னு நினைக்காதீங்க, நேத்து இதே நேரம் எவ்வளவுன்னு பாத்து ஒப்பிடுங்க. நுவரெலியா மாதிரி 1868 மீட்டர் உயரத்துல எண்ணே 815 ஹெக்டோபாஸ்கல் பக்கம்தான் காட்டும், போன் பழுதுன்னு பயப்பட வேணாம்.

மேகத்தை போட்டோ எடுக்கிறவங்க தினமும் ஒரே இடத்துல நின்னு ஒரே மலையை பாத்து, 11 மணிக்கு ஒண்ணு 1 மணிக்கு ஒண்ணு எடுங்க.

அந்த மூணு கோடு எதுக்கு

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கும்போது 24 மணித்தியால மழையை பாக்கிறாங்க. 75 மிமீ தாண்டி மழை விடாம பேஞ்சா விழிப்பா இருக்கணும், 100 தாண்டினா வெளியேற தயாராகணும், 150 தாண்டினா, இல்லாட்டி ஒரே மணித்தியாலத்துல 75 தாண்டினா, வெளியேறணும். கொஸ்லந்தை மீரியபெத்தையில 2014 ஒக்டோபர் 29 காலையில மண்ணு இறங்கி லயங்களை மூடினது நம்ம யாருக்கும் மறக்காது. அதனாலதான் கோட்டை வீட்டை பாத்து வைக்கச் சொன்னேன், ராத்திரி இடி மின்னல்ல வெளிய போகாம யன்னல்ல இருந்து டோர்ச் அடிச்சி பாத்தா போதும். ஆனா கோட்டை தொடலையேன்னு மட்டும் இருந்துறாதீங்க. சுவர்ல புது வெடிப்பு, மரம் சாயுறது, பீலியில தெளிஞ்ச தண்ணி திடீர்னு சேறா வர்றது, இதுல எதை கண்டாலும் கோட்டை பாக்காம கிளம்புங்க, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 அடிங்க.

மாசக் கடைசியில

மொத்த மழையை கூட்டுங்க, மழை பேஞ்ச நாள் எத்தனைன்னு எண்ணுங்க, ஆகக்கூடின நாளை வட்டம் போடுங்க. பிறகு கட்டம் போட்ட தாள்ல நாளுக்கு ஒரு தூண் வரைஞ்சி, தூணுக்கு மேல முதல் இடி கேட்ட நேரத்தை எழுதுங்க. நேரமெல்லாம் பின்னேரத்துலயே கூடி நிக்கிறதை பாப்பீங்க.

ஏலுமானவரை வேற டிவிசன்ல இருக்கிற ஒரு கூட்டாளியையும் இதே மாதிரி அளக்க சொல்லுங்க, ரெண்டு கொப்பியையும் ஒரே நாளுக்கு பக்கத்துல வச்சி பாத்தா இந்த மழையோட துண்டு துண்டான குணம் ரெண்டு எண்ணுல தெரிஞ்சிரும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் இருக்கிறவங்க ஊவா பக்கம், பதுளை பண்டாரவளை பக்கம் ஒரு ஆளை பிடிச்சா இன்னும் நல்லது. சித்திரையில ரெண்டு பக்கமும் இடிமழை பெய்யும், மே கடைசியில தென்மேற்கு காத்து பிடிச்சதும் ஹட்டன் பக்கம் இடி இல்லாம நாள் முழுக்க நசநசன்னு பெய்யும், ஊவா பக்கம் காஞ்ச காத்து அடிக்கும். அந்த மாற்றம் எந்த வாரத்துல வந்துச்சுன்னு பிடிக்கணும்னா ஏப்ரல் 30ல கொப்பியை மூடாதீங்க, ஜூன் முதல் வாரம் வரைக்கும் இழுங்க. மாசத்துக்கு ஒருக்கா பக்கங்களை போன்ல போட்டோ எடுத்து வைங்க, லயத்து கூரை ஒழுகுற வீட்டுல கொப்பி நனைய ரொம்ப நேரம் எடுக்காது.