பிரதிவாதிக்குச் சம்மன் சரியாகப் போய்ச் சேர
சம்மன் அனுப்பும் கட்டணமான பேட்டாவோடு பிராது (வழக்கு மனு) நகலையும் கட்டிவிடுங்கள், சம்மனுடன் நகல் போயே ஆகவேண்டும். அப்புறம் முகவரி. கோபிசெட்டிபாளையம், பெருந்துறைப் பக்கம் பலர் ஊருக்குள் இல்லாமல் தோட்டத்தில் குடியிருப்பார்கள், அதனால் வெறும் ஊர்ப்பெயரோடு நிறுத்தாமல் தோட்டத்தின் பெயர், எந்தப் பிரிவில் திரும்ப வேண்டும் என்பதுவரை எழுதுங்கள், முடிந்தால் சம்மனைக் கொண்டுபோகும் நீதிமன்ற ஊழியரான அமீனாவுடன் போய் வீட்டைக் காட்டுங்கள். ஆள் இல்லை, சீக்கிரம் வரவும் மாட்டார் என்றால், அவரோடு குடியிருக்கும் வயது வந்த குடும்பத்தார், ஆணோ பெண்ணோ, வாங்கலாம். பண்ணையாள் வாங்கினால் செல்லாது! சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 5, விதி 15 வேலையாளைக் குடும்பத்தாராக ஏற்பதில்லை. கையெழுத்துப் போட மறுத்தால் அமீனா வாசற்கதவில் ஒட்டிவிட்டு, வீட்டை அடையாளம் காட்டியவர் பெயரோடு அறிக்கை தரவேண்டும். ஒளிந்து திரிந்தால் விதி 20-இன்படி பத்திரிகை விளம்பரத்துக்கு மனுப் போடுங்கள். ஆள் திருப்பூரில் இருப்பது தெரிந்தும் பழைய முகவரிக்கே அனுப்பி எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு (பிரதிவாதி வராமலே தரப்படும் தீர்ப்பு) வாங்காதீர்கள், கட்டளை 9, விதி 13-இல் அது ரத்தாகலாம்.