இடுப்பு இறுக்கம் தளர்ந்த விதம்

மும்பை மாட்டுங்காவிலிருந்து மின்ரயிலில் நின்றபடியே அலுவலகம் சென்றுவரும் எனக்கு, மாலையானால் இடுப்பு இறுகிவிடும். எலும்பில் கோளாறில்லை என்று மருத்துவர் உறுதிசெய்த பிறகு, அமெரிக்கரான தாமஸ் ஹன்னா வகுத்த சோமாட்டிக்ஸ் என்ற, மெதுவான அசைவுகளால் தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பயிற்சியைத் தொடங்கினேன். பாயில் மல்லாந்து, முழங்கால்களை மடித்து, மூச்சை இழுத்தபடி கீழ்முதுகை மெல்ல வளைத்துத் தூக்கி, பிறகு மூச்சை விட்டவாறே, தசை வெட்டி இழுக்காமல் சீராகத் தளரும்படி, அதைவிட மெதுவாகத் தரையில் இறக்க வேண்டும். பலன் இறக்குவதில்தான் இருக்கிறது (பூனை சோம்பல் முறிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்). இறுக்கத்தைத் தானே விடுவிக்கும் திறனை மூளை மீண்டும் பெறுகிறது என்பது ஹன்னாவின் விளக்கம். வலி படிப்படியாகத் தணிந்தது. கற்பிக்கவும் ஆசைதான், ஆனால் ஹன்னா பயின்ற ஃபெல்டன்கிரைஸ் என்ற உடலசைவுக் கல்வி முறையில் ஆசிரியர் பயிற்சிக்கே சுமார் 800 மணி நேரம் பிடிக்கும் என்பதால், ஒரு வார இறுதி வகுப்பிலேயே தரப்படும் ஆசிரியர் சான்றிதழ்களை நான் நம்புவதில்லை.