பிள்ளைகளோடு கயிற்றில் இறங்குவது: நெல்லைப் பாறையில் முதல் பாடம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பாலைவனப் பிளவுகளில் (ஒடுங்கிய, ஆழமான பாறைப் பள்ளத்தாக்குகளில்) சின்னப் பிள்ளைகள் கயிற்றில் இறங்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, "நம்ம மணிமுத்தாறு அருவியில் இறக்கிப் பார்ப்போமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். முதல் பாடத்துக்குக் காய்ந்த, சரிவான, ஐந்து மீட்டர் பாறை போதும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இதை வாசித்துவிட்டு நீங்களே கயிறு கட்டக் கிளம்பாதீர்கள். கட்டுகிறவர் முறையாகப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். அவர் செய்வது சரிதானா என்று பக்கத்தில் நிற்கும் அப்பா அம்மாவுக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் இது.

இடம் பார்ப்பது

நீரோடும் பிளவை விட்டுவிடுங்கள். அரிசோனாவின் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 1997 ஆகஸ்ட் 12 அன்று வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். மழை கொட்டியது அவர்கள் தலைக்கு மேல் அல்ல, பல கிலோமீட்டர் தள்ளி. நம்மூரிலும் அதே கணக்குதான். கீழே வெயில் அடிக்கும்போதே மலைமேல் பெய்த மழை இறங்கி வந்துவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித்தான் ஒரு சிறுவன் அடித்துச் செல்லப்பட்டான்.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. கழுகுமலை மாதிரி சிற்பம் உள்ள பாறைகளைத் தொடவே வேண்டாம். கைவிட்ட கல்குவாரியும் ஆகாது. வெடி வைத்து உடைத்த பாறையில் எந்தக் கல் எப்போது பெயரும் என்று சொல்ல முடியாது. பட்டா நிலத்தில் உள்ள பொத்தை (சின்னப் பாறைக் குன்று) ஒன்றை உரிமையாளரிடம் கேட்டுப் பயன்படுத்துங்கள். ஏறுவதற்கு முன் பாறை முகத்தை அண்ணாந்து பாருங்கள். மலைத்தேனீக் கூடு தெரிந்தால் பேசாமல் திரும்பிவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரி காலை வேளை நல்லது. சித்திரை வெயிலில் பாறையில் கை வைக்க முடியாது.

சாமான்கள்

லாரி கட்டும் நைலான் கயிறும் கிணற்றுத் தாம்பும் இதற்கு உதவாது. 'ஈ.என். 1891' (EN 1891) என்ற ஐரோப்பியத் தரக் குறி உள்ள, அதிகம் இழுபடாத கயிறு வேண்டும். ஹெல்மெட் தலையில் ஆடக் கூடாது. சின்னப் பிள்ளைக்கு இடுப்புப் பட்டை மட்டும் போதாது. இடுப்பு ஒடுங்கி இருப்பதால், தலைகீழானால் பட்டையிலிருந்து நழுவிவிட வாய்ப்பு உண்டு. தோளையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பட்டை வாங்குங்கள். தலைமுடியை இறுக்கிக் கட்டி, துப்பட்டா, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

கயிறு கட்டுவது

கவனமாகப் பார்க்க வேண்டிய கட்டம் இதுதான். பிடிமானம் ஒன்று இருந்தால் போதாது, தனித்தனியாக இரண்டு வேண்டும்: உயிரோடு நன்றாக வேரூன்றிய பெரிய மரம், அசையாத பெரும்பாறை, இப்படி. கயிறு உரசும் விளிம்பில் சாக்கை நாலாக மடித்துப் போடுங்கள்.

கயிற்றின் மேல்முனையை மரத்தில் முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டால், கட்டுகிறவரிடம் கேள்வி கேளுங்கள். பிள்ளையின் பட்டையில் மாட்டிய இறங்கும் வளையத்தில் (கயிறு சுற்றி ஓடி வேகத்தைக் குறைக்கும் உலோக வளையத்தில்) சட்டை சிக்கி நடுவில் தொங்கினால் என்ன செய்வார்? சரியான கட்டில், கயிறு பிடிமானத்தில் உள்ள, '8' வடிவ உலோக வளையத்தில் சுற்றிப் பூட்டியிருக்கும். பூட்டை அவிழ்த்துக் கயிற்றையே மெதுவாக விட்டால் பிள்ளை தரைக்கு வந்துவிடும். அதனால் பாறை உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் சற்றுக் கூடுதலான நீளம் தேவை. இது போக, மேலே ஒரு பெரியவர் பிடித்திருக்கும் இரண்டாவது கயிறும் பிள்ளையின் பட்டையில் இருக்க வேண்டும்.

இறங்குவது

முதலில் சமதரையில் பழக்குங்கள். கால்களை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, நாற்காலியில் உட்காருவது போலப் பின்னால் சாய வேண்டும். வளையத்துக்குக் கீழே கயிற்றைப் பிடித்த கை இடுப்போரம் இருக்கட்டும்; அந்தக் கையை எதற்காகவும் விடக் கூடாது. பேச்சையும் முடிவு செய்துகொள்ளுங்கள்: "இறங்கவா?", "இறங்கு", "நிறுத்து". கல் உருண்டால் யார் பார்த்தாலும் "கல்லு!" என்று கத்த வேண்டும்.

பயம் வருவது விளிம்பில்தான். பின்னால் சாயச் சொன்னால் பிள்ளை குனிந்து பாறையைக் கட்டிக்கொள்ளும். உடனே கால் வழுக்கும். "எப்பா, பயமா இருக்கு" என்றால், "சரி மக்கா, இன்னைக்கு இது போதும்" என்று ஏற்றிவிடுங்கள். கீழே நின்று போனில் படம் எடுத்துக்கொண்டே "பயப்படாதலே!" என்று கத்தும் மாமாக்களைத் தள்ளி நிறுத்துவது நல்லது.

இருபது கிலோ பிள்ளைக்கு வேறொரு சிக்கல். தடித்த கயிற்றை இரட்டையாக வளையத்தில் போட்டால், உராய்வு கூடி இறங்கவே இறங்காது. கீழே இருப்பவர் கயிற்றை இழுத்தால் இன்னும் இறுகும், ஏனென்றால் அந்த இழுப்புதான் பிரேக். அவசரத்தில் நிறுத்த அதைப் பயன்படுத்தலாம், இறக்குவதற்கு ஆகாது. ஒற்றைக் கயிற்றில் இறக்குங்கள்.

தரை தொட்டதும் கயிற்றைக் கழற்றிவிட்டு, கல் விழும் நேர்க்கோட்டிலிருந்து விலகி நிற்கட்டும். ஹெல்மெட்டைக் கழற்றுவது அதற்கப்புறம்தான்.

பாலைவனப் பிளவுக்கு எப்போது?

நம் பொத்தையில் பிடிக்கவில்லை என்றால் சுற்றி நடந்து இறங்கிவிடலாம். பிளவில் முதல் இறக்கம் முடிந்து கயிற்றை உருவிவிட்டால் திரும்பி ஏற வழி கிடையாது. மிச்ச இறக்கங்களையும் முடித்தே ஆக வேண்டும். அதனால், பாதியில் தானே நின்று, கயிற்றைப் பூட்டி, இரண்டு கையையும் விட்டுக் காட்டும் வரை பிள்ளையை அங்கே கூட்டிப் போகாதீர்கள்.