வாய் மூடிய பிறகு வரும் வசனம்: கைபேசி வீடியோவில் ஒலிப் பிசகைச் சரிசெய்வது

அக்கா மகள் நடித்த பள்ளி நாடகத்தைக் கைபேசியில் 40 நிமிடம் எடுத்திருந்தேன். எடிட்டிங் மென்பொருளில் போட்டால் தொடக்கம் கச்சிதம். கடைசிக் காட்சியில் பிள்ளைகள் வாயை மூடிய பிறகுதான் வசனம் வந்தது. ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி நகர்த்தியே இரண்டு இரவுகள் போயின. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

முதலில் பிசகு எந்த வகை என்று பாருங்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல் போதும். இரண்டிலும் ஒரே அளவு பிசகினால் ஒலியை அவ்வளவு நகர்த்துங்கள், வேலை முடிந்தது. போகப் போகப் பிசகு வளர்ந்தால் தொடர்ந்து படியுங்கள்.

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து ‘ஃபிரேம் ரேட் மோட்’ என்ற வரியைத் தேடுங்கள். ஃபிரேம் என்பது வீடியோவின் தனித்தனிப் படம், நொடிக்கு எத்தனை என்பதே ஃபிரேம் ரேட். ‘வேரியபிள்’ (மாறிக்கொண்டிருப்பது) என்றிருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். நொடிக்கு 30 ஃபிரேம் என்று கைபேசி சொல்லிக்கொண்டாலும், வெளிச்சம் மங்கினால் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். பிளேயர் ஒவ்வொரு ஃபிரேமின் நேரக்குறியையும் பார்த்து ஓட்டுவதால் அங்கே குறை தெரியாது. எடிட்டிங் மென்பொருள்கள் பலவும் எல்லா ஃபிரேமும் சம இடைவெளியில் இருப்பதாக எண்ணிக்கொள்ளும், படம் முந்திவிடும்.

ஆகவே எடிட்டிங்குக்கு முன்பே, ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் இலவச மென்பொருளில் கோப்பைச் சீரான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிடுங்கள். கோப்பை இணையத்தில் ஏற்றி மாற்றித் தரும் தளங்களை நான் தொடுவதே இல்லை. வீடியோ பகுதியில் ஃபிரேம்ரேட்டை 30 என்று வையுங்கள். நான் வழுக்கிய இடம் இதுதான். 30 வைத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்தேன். கீழே ‘பீக் ஃபிரேம்ரேட்’ தேர்வாகியிருந்ததைக் கவனிக்கவில்லை. அதற்குப் பொருள் ‘30க்கு மேல் போகாதே’ என்பது மட்டுமே. குறைவதை அது தடுக்காது. மொத்தக் கோப்பையும் மாற்றி முடித்த பிறகும் அதே பிசகு! ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்’ (மாறாதது) என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முழுக் கோப்பிலும் கை வைக்கும் முன் ஒரு நிமிடத் துண்டை மாற்றி, மீடியாஇன்ஃபோவில் மறுபடி பாருங்கள்.

கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறை, எச்.264 போதும். எச்.265 இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் பழைய கணினியில் எடிட்டிங் டைம்லைனை ஓட்டும்போது திணறும். ஹேண்ட்பிரேக்கின் தர எண்ணை 18 என்று வைக்கிறேன். எண் குறையக் குறையத் தரம் கூடும். ஒலிக்குக் கோடெக் ஏஏசி, மாதிரி வேகம் 48 கிலோஹெர்ட்ஸ். எடிட்டிங் புராஜெக்டையும் 30லேயே தொடங்குங்கள்.

பிற்சேர்க்கை: மினிடிவி என்ற பழைய வீடியோ கேமரா கேசட்டிலிருந்து கணினியில் ஏற்றிய நண்பர் ஒருவருக்கு இந்த வழி உதவவில்லை. படம் சீராக நொடிக்கு 25 ஃபிரேம். ஒலி மட்டும் பாதியில் கீச்சுக்குரலாகிவிட்டது. மினிடிவியில் 12 பிட் ஒலிக்கு நொடிக்கு 32,000 மாதிரிகள் (ஒலியை அளந்து பதியும் தடவைகள்), 16 பிட்டுக்கு 48,000. அவருடைய கேசட்டில் இரண்டும் கலந்திருந்தன. 32,000இல் பதிந்த பகுதியையும் மென்பொருள் 48,000 என்று எண்ணி ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டியிருக்கிறது. ஒலி மாறும் இடத்தில் நிறுத்தித் தனிக் கோப்பாக ஏற்றியதும் சரியாயிற்று. நல்லவேளை, கேசட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்.