கியர் பாக்ஸ் போச்சா? மாற்றச் சொன்னாலும் முதலில் திறந்து பாருங்கள்

இரண்டாம் கியர் போடும்போது 'கரக்' என்று ஒரு சத்தம். ஆரம்பத்தில் காலையில் மட்டும் வந்தது, அப்புறம் எப்போதும் வந்தது. என்னுடையது 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "பாக்ஸையே மாத்திடலாம் சார், தலைவலி விட்டுடும்" என்று 68,000 ரூபாய் சொன்னார்கள். வண்டியை விற்றாலே இரண்டு லட்சம் தேறுமா என்பது சந்தேகம். கடைசியில் வேறொரு இடத்தில் 14,500 ரூபாயில் வேலை முடிந்தது. நடுவில் நான் வீணாக்கிய 9,000 இதில் சேரவில்லை. அந்தக் கதை கீழே வருகிறது.

1. கோளாறு கிளட்சிலா, பாக்ஸிலா?

வண்டி நிற்கும்போது என்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது வெண்ணெய் மாதிரி விழுந்து, ஸ்டார்ட் செய்ததும் எல்லாமே முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம். ஒரே ஒரு கியர் மட்டும் ஓட்டத்தில் கரகரத்தால் அந்த கியரின் சிங்க்ரோ ரிங் (கியர் விழும் முன் சுற்றும் வேகங்களைச் சமமாக்கும் வளையம்) தேய்ந்திருக்கும். ஏற்றத்தில் என்ஜின் கத்துகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட். போட்ட கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிட்டால் பாக்ஸுக்குள்தான் வேலை. ஆனால் என்ஜின் மவுண்டிங்கையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

சத்தத்துக்கு இன்னொரு சோதனை. நியூட்ரலில் வைத்து கிளட்சை மிதியுங்கள். மிதித்ததும் சத்தம் நின்றால் இன்புட் ஷாஃப்ட் (என்ஜின் சுழற்சியை பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டு) பேரிங். மிதிக்கும்போதுதான் வருகிறது என்றால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்.

நான் கோட்டை விட்டது ரிவர்ஸ் கியரில். எனக்கு இரண்டாம் கியர் மட்டுமல்ல, ரிவர்ஸும் கரகரத்தது. 'இரண்டு கியரில் சத்தம் என்றால் கிளட்ச்தான்' என்று நானே முடிவு கட்டி, புது கிளட்ச் செட் போடச் சொன்னேன். 9,000 ரூபாய். வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்புவதற்குள் அதே 'கரக்'. பிறகுதான் தெரிந்தது, பல கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோவே கிடையாது. கிளட்சை மிதித்த கையோடு போட்டால் நல்ல வண்டியிலும் கரகரக்கும். உள்ளே சுற்றும் ஷாஃப்ட் நிற்க நேரம் வேண்டும்.

சரியான சோதனை இதுதான்: கிளட்சை அடிவரை மிதித்து, ஐந்து வரை எண்ணி, அப்புறம் ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் மட்டும் கிளட்சைச் சந்தேகப்படுங்கள். நான் ஐந்து எண்ணாததன் விலை 9,000.

2. ஆயிலை இறக்குங்கள்

பாக்ஸைக் கழற்றும் முன் இது அவசியம், செலவும் குறைவு. ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருக்கும். அது சாதாரணத் தேய்மானம். ஆயிலில் தங்க நிறத் துகள் மினுங்கினால் சிங்க்ரோ ரிங்கின் பித்தளை. விரலில் குத்தும் அளவுக்கு இரும்புச் சில்லு இருந்தால் பல் உடைந்திருக்கிறது, செலவு ஏறும். வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பாருங்கள், டியூப் லைட்டில் ஏமாந்துவிடுவோம்.

புது ஆயில் ஊற்றும்போது வண்டிப் புத்தகத்தில் ஜிஎல்-4 (கியர் ஆயிலின் தரக் குறியீடு) என்று இருந்தால் ஜிஎல்-4தான். "ஜிஎல்-5 அதைவிட உசத்தி" என்று கடையில் சொல்வார்கள், கேட்காதீர்கள். அதன் வழுக்கும் தன்மையால் சிங்க்ரோ சரியாகப் பிடிக்காது, சில ஜிஎல்-5 ஆயில் பித்தளையையும் அரிக்கும். சத்தத்தைக் குறைக்கும் என்று விற்கும் டப்பா மருந்துகள் என் கணக்கில் வெறும் தண்டம்.

3. இறக்கும் முன் பேசிவிடுங்கள்

இறக்கித் திறந்து காட்ட எவ்வளவு, வேலை வேண்டாம் என்றால் மூடி ஏற்ற எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். "திறந்தா தெரியும் தம்பி" என்பது நியாயமான பதில். திறக்காமலே மொத்தத் தொகை சொல்பவரிடம்தான் எனக்குப் பயம். பிரிக்கும் அன்று லீவு போட்டாவது போய் நில்லுங்கள்.

4. முடிவெடுக்கும் இடம்

என் பாக்ஸைப் பிரித்து பெஞ்சில் வைத்ததும், வேலையை முடித்துக் கொடுத்த மெக்கானிக் அண்ணன் இரண்டாம் கியரின் ரிங்கை கியரின் கூம்பு மேல் அழுத்தி, இடைவெளியில் ஃபீலர் கேஜ் (மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் கருவி) விட்டுக் காட்டினார். என் வண்டிக்கு அரை மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. அங்கே 0.2 தகடே இழுத்து இழுத்துத்தான் நுழைந்தது. மற்ற ரிங்குகளில் 0.8 சாதாரணமாகப் போனது. ஃபீலர் கேஜ் சில நூறு ரூபாய்தான், நானும் ஒன்று வாங்கிவிட்டேன். வண்டியின் கம்ப்யூட்டரில் கோளாறு படிக்கும் ஸ்கேனர் வாங்காதீர்கள், மேனுவல் பாக்ஸுக்குள் அதற்கு ஒன்றும் தெரியாது.

ரிங், பேரிங், கியர் மாற்றும் ஃபோர்க், ஆயில் சீல் இவ்வளவுதான் போயிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ரிப்பேர். கியர் பல்லே உடைந்திருந்தால் கதை வேறு. பல முன்சக்கர இழுவை வண்டிகளில் முதல், இரண்டாம் கியர்கள் இன்புட் ஷாஃப்ட்டோடு ஒரே துண்டாக இருக்கும். ஒரு பல்லுக்காக முழு ஷாஃப்ட்டும், அதோடு சேரும் ஜோடி கியரும் வாங்க வேண்டும். அல்லது அலுமினியக் கூடு விரிசல் விட்டிருக்கலாம், டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பகுதி) பல் போயிருக்கலாம். அப்போது பாக்ஸ் மாற்றுவதே மலிவு.

வண்டியின் வயதையும் பாருங்கள். என் வண்டிக்கு 2027-இல் 15 வருடம் முடிகிறது, ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அதற்கு மேல் ஓட்டுவேனா என்றே தெரியாத வண்டிக்கு 68,000 போட எனக்கு மனசு வரவில்லை.

எதுவானாலும் பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே ரிலீஸ் பேரிங், கிராங்க் ஆயில் சீல், டிரைவ் ஷாஃப்ட் சீல் எல்லாம் பார்த்துவிடுங்கள். இன்னொரு முறை இறக்கினால் மறுபடி லேபர்.

5. பழைய பாக்ஸ் வாங்கினால்

சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் கிடைக்கும். ஆனால் அதே மாடல் என்பது போதாது. பெட்ரோலா டீசலா, எந்த வருடம், பாக்ஸ் மேல் குத்திய குறியீட்டு எண் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பல் விகிதம் வேறாக இருக்கலாம். இன்புட் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டினால் லொட லொட என்று ஆடக் கூடாது. பில் கட்டாயம் வாங்குங்கள். ஆர்.சி.யில் என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும்தான் இருக்கும், கியர் பாக்ஸ் நம்பர் கிடையாது. அதனால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் அலைச்சல் இல்லை.

பின்சேர்க்கை: ஏஎம்டி (கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும்) வண்டிக்கும் இது பொருந்துமா என்று கமெண்டில் இருவர் கேட்டிருந்தார்கள். ஏஎம்டி என்பது பெரும்பாலும் அதே மேனுவல் பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் நமக்குப் பதிலாக இயக்க ஆக்சுவேட்டர் என்ற கருவி சேர்ந்திருக்கும். அதனால் மேலே நான் வேண்டாம் என்ற ஸ்கேனர் இங்கே முதல் வேலை. ஆக்சுவேட்டர், கிளட்ச் செட்டிங் இரண்டையும் பார்த்த பிறகுதான் பாக்ஸை இறக்க விடுங்கள். சிவிடி (இன்னொரு வகை ஆட்டோமேட்டிக்) வேறு ஜாதி: பெல்ட்டும் புல்லியும். அதைத் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் பிரிக்க விடாதீர்கள்.