சம்பள ஃபைலு யார் கையில? ஆபிஸ்ல ஷேர்ட் ஃபோல்டர் போடுற கதை

மலேசியாவுல சிலாங்கூர்ல இருக்கிற எங்க ஊருக்கு 2007லயே பெஸ்தாரி ஜெயான்னு பேரு மாத்திட்டாங்க, ஆனா பெருசுங்க வாயில இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுத்தி செம்பனை, நடுவுல கடை வரிசை, அதுல ஒரு மாடியில எங்க ஆபிஸ். பழம் ஏத்துற லாரிக்கு ட்ரிப் கணக்கு, ஆளுங்களுக்கு சம்பளம், இபிஎப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), அவ்வளவுதான் வேலை. நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ரூட்டர். ரொம்ப நாளா எல்லாம் பெண்டிரைவ்லதான் ஓடிச்சு, "சம்பளம் புதுசு", "சம்பளம் புதுசு 2", "சம்பளம் இதான் கடைசி"ன்னு ஃபைல் பெருகிக்கிட்டே போகும், மாசம் 15க்குள்ள இபிஎப் கட்டணும், 14ஆம் தேதி சாயங்காலம் கிராணியக்கா (எங்க ஆபிஸ் கிளார்க்) எது நெசமான கடைசின்னு தேடிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அதுக்கப்புறம்தான் ஷேர்ட் ஃபோல்டர் போட்டேன், அதாவது ஒரு கம்ப்யூட்டர்ல ஃபைலை வச்சு மத்த கம்ப்யூட்டர்லேர்ந்தும் திறக்கிற மாதிரி.

கம்ப்யூட்டரைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுங்க. யாரு எதைப் பாக்கலாம், யாரு எதை மாத்தலாம்னு எழுதுங்க. எங்களுக்கு மூணு ஃபோல்டர் வந்துச்சு: சம்பளம் (முதலாளியும் கிராணியக்காவும் மட்டும்), லாரி ட்ரிப் (எல்லாரும் எழுதலாம்), ஃபாரம் (எல்லாரும் பாக்கலாம், மாத்தக் கூடாது). மூணையும் தனித்தனியா ஷேர் பண்ணுங்க, ஒண்ணுக்குள்ள ஒண்ணு வச்சா பின்னாடி நீங்களே குழம்பிப் போவீங்க.

அப்புறம் எந்த கம்ப்யூட்டர்ல வைக்கிறதுன்னு பாருங்க. காலையில முதல்ல திறந்து கடைசியா மூடுற கம்ப்யூட்டர் எதுவோ அதுதான், வைஃபை வேணாம், கேபிள் போட்டு ரூட்டர்ல சொருகுங்க. பவர் செட்டிங்ல ஸ்லீப்பை "நெவர்" ஆக்குங்க, அது தூங்கிட்டா மத்த மூணு பேருக்கும் ஃபோல்டர் காணாம போயிடும். சர்வரெல்லாம் வாங்க வேண்டாம், சாதாரண விண்டோஸ்லயே ஒரே நேரத்துல 20 கனெக்ஷன் வரை தாங்கும். முடிஞ்சா ரூட்டர்ல அந்த கம்ப்யூட்டருக்கு ஒரே ஐபி நம்பர் (நெட்வொர்க்ல அதோட விலாசம்) நிக்கிற மாதிரி ரிசர்வ் பண்ணிடுங்க.

இப்ப விண்டோஸ் 11ல செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் போனா பப்ளிக், பிரைவேட்னு ரெண்டு இருக்கும், பிரைவேட் போடுங்க. பாதி பேருக்கு "ஃபோல்டர் தெரியல"ங்கிற பிரச்சனை இங்கயேதான். அப்புறம் அட்வான்ஸ்ட் ஷேரிங் செட்டிங்ஸ்ல நெட்வொர்க் டிஸ்கவரி ஆன், ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் ஆன். கீழ "பாஸ்வேர்ட் ப்ரொடெக்டட் ஷேரிங்"னு ஒண்ணு இருக்கும், வீடியோவுல வர்றவங்க நிறைய பேரு அதை ஆஃப் பண்ணச் சொல்வாங்க, பண்ணாதீங்க. ஆஃப் பண்ணிட்டு "எவ்ரிஒன்"னு விட்டா ஆபிஸ் வைஃபை பாஸ்வேர்ட் தெரிஞ்ச எந்த லாரி டிரைவரும் போன்லயே சம்பள ஃபைலைத் திறக்கலாம். விண்டோஸ் 11 புரோவுல 24எச்2ங்கிற வெர்ஷன்லேர்ந்து பாஸ்வேர்ட் இல்லாம போற கெஸ்ட் கனெக்ஷனை அதுவா தடுத்திடும், அதுல பழைய வழி இனிமே நிக்காது. அதே மாதிரி எஸ்எம்பி 1ஐ (ஃபைல் ஷேர் பண்ற பழைய முறை) ஆன் பண்ணுன்னு யாராச்சும் சொன்னா காதுல போட்டுக்காதீங்க, 2017 மே மாசம் வானாக்ரை வைரஸ் அந்தப் பழைய ஓட்டை வழியாத்தான் ஊர் ஊரா பரவுச்சு.

அடுத்து ஆளுக்கு ஒரு யூசர். ஃபோல்டர் இருக்கிற கம்ப்யூட்டர்ல அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போயி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாத லோக்கல் யூசரா ஒவ்வொருத்தருக்கும் உருவாக்குங்க. அவங்க மேசைக் கம்ப்யூட்டர்ல என்ன பேரு, என்ன பாஸ்வேர்டோ அதையே இங்கயும் வச்சா தானா உள்ள போயிடும். பாஸ்வேர்டை வெறுமனே விட்டா நெட்வொர்க்ல உள்ள விடாது. பின் நம்பரும் இதுக்கு செல்லாது, அது அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். எங்க முதலாளி பின்னையே போட்டுப் போட்டு அரை மணி நேரம் என்னைத் திட்டினாரு.

ஃபோல்டரை டெஸ்க்டாப்ல வைக்காம டி டிரைவ்ல நேரா போடுங்க. ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்ட் ஷேரிங், "ஷேர் திஸ் ஃபோல்டர்" டிக். உள்ள பெர்மிஷன்ஸ்ல எவ்ரிஒன்னைத் தூக்கிட்டு அந்தந்த ஆளைச் சேருங்க, எழுதுறவங்களுக்கு சேஞ்ச், பாக்கிறவங்களுக்கு ரீட். இதோட முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சா தப்பு லா, பக்கத்துலயே செக்யூரிட்டின்னு இன்னொரு டேப் இருக்கு, அதுலயும் பெர்மிஷன் இருக்கு, நெட்வொர்க் வழியா வர்றவங்களுக்கு ரெண்டுல எது கறாரோ அதுதான் நிக்கும். ஷேரிங்ல சேஞ்ச் குடுத்து செக்யூரிட்டியில ஆளையே சேர்க்கலன்னா திறக்காது. செக்யூரிட்டியில "ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ்"னு ஒண்ணு டிரைவ்ல இருந்து தானா இறங்கி வந்திருக்கும், அப்படின்னா யூசர் இருக்கிற எல்லாரும்னு அர்த்தம். சம்பள ஃபோல்டர்ல அதை எடுக்கணும். அட்வான்ஸ்ட் போயி இன்ஹெரிட்டன்ஸை (மேல இருந்து தானா இறங்கி வர்ற பெர்மிஷனை) டிஸேபிள் பண்ணி, "கன்வெர்ட்" குடுத்து, அதுக்கப்புறம் ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ், யூசர்ஸ் ரெண்டையும் நீக்கிட்டு வேணுங்கிற ஆளை மட்டும் சேருங்க. சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் ரெண்டும் இருக்கட்டும், கை வைக்காதீங்க. டினைங்கிற கட்டத்துல டிக் போடவே போடாதீங்க, பேரு இல்லாம விட்டாலே போதும்.

மத்த கம்ப்யூட்டர்ல "மேப் நெட்வொர்க் டிரைவ்" போயி, ரெண்டு பேக்ஸ்லாஷ், கம்ப்யூட்டர் பேரு, ஒரு பேக்ஸ்லாஷ், ஷேர் பேரு. "ரீகனெக்ட் அட் சைன் இன்" டிக் பண்ணுங்க. பேரு போட்டு வரலன்னா ஐபி நம்பர் போட்டுப் பாருங்க, அதுல வந்தா பேருதான் சிக்கல், பெர்மிஷன் இல்ல. ரெண்டுலயும் வரலன்னா அந்த கம்ப்யூட்டர் கெஸ்ட் வைஃபைல இருக்கான்னு பாருங்க, எங்களுக்கு ஒரு தடவை அதுதான். பாஸ்வேர்ட் மாத்தினப்புறம் உள்ள விடலன்னா விண்டோஸ் பாஸ்வேர்டை ஞாபகம் வச்சிருக்கிற கிரெடென்ஷியல் மேனேஜர்ல பழசு உக்காந்திருக்கும், அழிச்சிட்டு திரும்பப் போடுங்க. ஒரே எக்செல் ஃபைலை ரெண்டு பேரு திறந்தா ரெண்டாவது ஆளுக்கு ரீட் ஒன்லின்னு வரும், அது கோளாறு இல்ல.

ஒண்ணு மட்டும் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். நெட்வொர்க் வழியா அழிச்ச ஃபைலு ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. லாரி தம்பி ஒருத்தன் தெரியாம ஒரு மாச ட்ரிப் ஷீட்டை அழிச்சிட்டான், எங்க தேடியும் இல்ல, டிக்கெட் கட்டை எடுத்து மறுபடியும் டைப் பண்ணினோம். இப்ப வெள்ளிக்கிழமை தோறும் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்ல காப்பி, முடிஞ்சதும் வயரைக் கழட்டி அலமாரியில. மத்தியானம் இடி இடிக்கிற ஊரு இது, கம்ப்யூட்டருக்கும் ரூட்டருக்கும் ஒரு யூபிஎஸ் இருந்தா நல்லது.

எல்லாம் முடிச்சிட்டு நீங்களே ஒவ்வொரு மேசையிலயும் உக்காந்து பாருங்க, திறக்க வேண்டியது திறக்குதான்னு மட்டும் இல்ல, திறக்கக் கூடாதது திறக்குதான்னும். லாரி தம்பி கம்ப்யூட்டர்ல சம்பள ஃபோல்டரைத் தட்டினா ஆக்சஸ் இல்லன்னு வரணும். எனக்கு முதல் தடவை அழகா திறந்துக்கிச்சு, ஷேரிங் டேப்ல எவ்ரிஒன்னையும் தூக்கல, அந்த இன்ஹெரிட்டன்ஸையும் எடுக்க மறந்திருந்தேன்.